பழைய காரின் ஹீட்டர் போதிய சூடு தரவில்லையா? காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்யும் முறை

பழைய காரில் ஹீட்டர் பெயருக்குத்தான் இருக்கும், அதில் சூட்டை எதிர்பார்க்கக் கூடாது என்று பலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். இந்தக் கருத்தை நான் ஏற்பதில்லை. 1950களிலும் 1960களிலும் வந்த பல கார்களில் ஹீட்டருக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியிருந்தது என்பதும், அது இன்றைய கார்களின் ஹீட்டருக்கு ஈடாகாது என்பதும் உண்மையே. ஆனாலும் முன்கண்ணாடியில் படியும் மூட்டத்தை நீக்கவும், முன்னிருக்கையில் இருப்பவர்களின் கால்கள் விறைத்துப் போகாமல் காக்கவும் போதுமான வெப்பத்தைத் தரும்படிதான் அதை வடிவமைத்திருந்தார்கள். ஐம்பது அறுபது ஆண்டுகளில் குழாயில் கொஞ்சம் துரு, வால்வில் கொஞ்சம் அடைப்பு, காற்றுப்பெட்டியில் கொஞ்சம் கசிவு என்று ஒவ்வொன்றும் தன் பங்குக்கு வெப்பத்தைக் குறைத்துவிடுகிறது. ஆகவே ஒரே ஒரு பெரிய பழுதைத் தேடி அலைவதைவிட, எஞ்சினிலிருந்து கிளம்பும் வெப்பம் எந்தெந்த இடத்தில் வீணாகிறது என்று வழிநெடுகப் பார்த்துக்கொண்டே வருவதுதான் பலன் தரும்.

தண்ணீரால் குளிர்விக்கப்படும் எஞ்சினில் ஹீட்டரின் வேலை எளிமையானது. சிலிண்டர் ஹெட்டில் சூடேறிய கூலன்ட்டின் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தின்) ஒரு பகுதி ஒரு ஹோஸ் வழியாக ஹீட்டர் கோருக்கு வருகிறது. கோர் என்பது டேஷ்போர்டுக்கு அடியிலோ எஞ்சின் அறையின் பின்சுவரிலோ ஒரு பெட்டிக்குள் இருக்கும் சிறிய ரேடியேட்டர்தான். அங்கே வெப்பத்தைக் கொடுத்துவிட்டு, கூலன்ட் இன்னொரு ஹோஸ் வழியாக வாட்டர் பம்ப் உறிஞ்சும் பக்கத்துக்குத் திரும்புகிறது. கோரின் தகடுகளுக்கு இடையே ஃபேன் தள்ளும் காற்று சூடாகி உள்ளே வருகிறது. ஆக, சூடு குறைவதற்கான காரணம் தண்ணீர்ப் பக்கத்தில் இருக்கலாம், அல்லது காற்றுப் பக்கத்தில் இருக்கலாம். இந்த இரண்டில் எது என்று முதலில் முடிவு செய்யாமல் உதிரிபாகம் வாங்கத் தொடங்கினால், தேவையற்ற செலவுதான் மிஞ்சும். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் போன்ற காற்றால் குளிரும் எஞ்சின்களில் ஏற்பாடே வேறு. அவற்றில் வெப்பம் சைலன்சர் குழாயைச் சுற்றியுள்ள உறைகளிலிருந்து வருவதால், அங்கே ஓர் ஓட்டை விழுந்தால் கார்பன் மோனாக்சைடு காருக்குள் வந்துவிடும். அதனால் அந்த வண்டிகளை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் காட்டுவதே நல்லது. இந்தக் கட்டுரை தண்ணீர் ஹீட்டர்களைப் பற்றியது மட்டுமே.

வேலையைத் தொடங்கும் முன் இரண்டு எச்சரிக்கைகள். எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் நீங்கியதும் கொதிநீர் முகத்தில் பீய்ச்சியடிக்கும். கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவை கொண்ட நஞ்சு என்பதால், வடித்தெடுத்ததைத் திறந்த பாத்திரத்தில் விட்டுவைக்காமல் உடனே மூடி, குழந்தைகளுக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

முதல் பரிசோதனை

வண்டியை இருபது நிமிடமாவது ஓட்டி, எஞ்சினை முழுச் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஹீட்டரை முழுவதும் திறந்து, ஃபேனையும் போட்டுவிடுங்கள். பிறகு வண்டியை நிறுத்தி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஃபேன் பெல்ட்டில் கையோ துணியோ சிக்காதபடி கவனமாக, ஹீட்டருக்குப் போகும் ஹோஸையும் அதிலிருந்து திரும்பும் ஹோஸையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் கையை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால், தண்ணீர் நன்றாகத்தான் சுற்றுகிறது. குறை காற்றுப் பக்கத்தில் இருக்கிறது. ஒன்று சுட்டு மற்றொன்று வெதுவெதுப்பாகவோ குளிர்ந்தோ இருந்தால், ஹீட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்விலோ கோரிலோ அடைப்பு இருக்கிறது, அல்லது உள்ளே காற்று சிக்கியிருக்கிறது. இரண்டுமே வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால், எஞ்சினே போதிய சூட்டை எட்டவில்லை.

கையால் தொட்டு உணர்வதைவிடத் துல்லியம் வேண்டுமென்றால் அகச்சிவப்பு வெப்பமானியைப் பயன்படுத்தலாம். ரப்பர் ஹோஸின் மீது அது சரியான அளவைக் காட்டும். பளபளக்கும் பித்தளைக் குழாயின் மீதோ உண்மையைவிடக் குறைத்துக் காட்டும் என்பதால், அங்கே ஒரு துண்டு கறுப்பு டேப்பை ஒட்டி அதன் மீது அளக்க வேண்டும். ஃபேன் ஓடும்போது போகும் ஹோஸுக்கும் திரும்பும் ஹோஸுக்கும் இடையே 10 அல்லது 15 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் இருப்பது இயல்பு. 25, 30 என்று போனால், தண்ணீர் மிக மெதுவாக நகர்கிறது என்று பொருள்.

சாலையில் ஓட்டும்போது தெரியும் அறிகுறிகளையும் சேர்த்துப் பாருங்கள். நிற்கும்போது ஓரளவு சூடு வந்து, வேகமாகப் போகும்போது குறைந்தால், தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வு) திறந்தபடியே நின்றுவிட்டிருக்க வேண்டும். எதிர்க்காற்று ரேடியேட்டரை அளவுக்கு மீறிக் குளிரவைக்கிறது. இதற்கு மாறாக, வேகத்தில் சூடு வந்து ஐட்லிங்கில் மறைந்தால், தண்ணீர் ஓட்டம் பலவீனமாக இருக்கிறது. உள்கண்ணாடியில் எண்ணெய்ப் பசை போன்ற படலமும், இனிப்பான வாடையும், தரைவிரிப்பில் ஈரமும் இருந்தால் கோர் ஒழுகுகிறது என்பதில் ஐயமில்லை.

எஞ்சின் போதிய சூட்டை எட்டாதபோது

பல பழைய கார்களில் தெர்மோஸ்டாட்டே இருக்காது. எப்போதோ ஒரு கோடையில் எஞ்சின் கொதித்ததற்காக யாரோ ஒருவர் அதைக் கழற்றி எறிந்திருப்பார். அதன் பிறகு வண்டி எத்தனை கை மாறினாலும் யாரும் அதைத் திரும்பப் போட்டிருக்க மாட்டார்கள். இதைக் கண்டறிய ஓர் எளிய வழி உண்டு. ரேடியேட்டரின் முன்பக்கத்தில் பாதியை ஓர் அட்டையால் மறைத்து, வெப்ப அளவுகாட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் சில கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். முள் உயர்ந்து ஹீட்டரும் சூடாகிவிட்டால், தெர்மோஸ்டாட்தான் காரணம். பரிசோதனை முடிந்தவுடன் அட்டையை எடுத்துவிடுங்கள்.

தெர்மோஸ்டாட் இருந்தால் அதைக் கழற்றிச் சோதிக்கலாம். அதன் விளிம்பில் திறக்கும் வெப்பநிலை பொறிக்கப்பட்டிருக்கும். 82 அல்லது 88 டிகிரி என்பது பரவலான அளவு. கோடைக்கென்று போடப்பட்ட 74 டிகிரி தெர்மோஸ்டாட் குளிர்காலத்திலும் அப்படியே இருந்தால், ஹீட்டர் மந்தமாக இருப்பதில் வியப்பில்லை. ஒரு பாத்திரத்துத் தண்ணீரில், அடியைத் தொடாதபடி நூலில் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு வெப்பமானியையும் வைத்துச் சூடாக்குங்கள். பொறித்த அளவை ஒட்டித் திறக்கத் தொடங்கி, அதற்கு மேல் 10, 15 டிகிரிக்குள் முழுவதும் திறந்து, ஆறும்போது இறுக மூடிக்கொண்டால் அது நல்ல நிலையில் இருக்கிறது. குளிர்ந்த நிலையிலேயே ஒரு கீற்று வெளிச்சம் தெரியும்படி வால்வு விலகி நின்றால் அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். புதிதாக வாங்கும்போது, காற்று வெளியேறுவதற்கான சிறு துளையோ, அதில் ஆடும் ஊசியோ உள்ள வகையைத் தேர்ந்தெடுத்து, அந்தத் துளை மேற்பக்கம் வரும்படி பொருத்துங்கள். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டோடு சேர்ந்த ஓர் உறை, அது திறக்கும்போது பைபாஸ் வழியை மூடும். அப்படிப்பட்ட எஞ்சினில் உறையில்லாத சாதாரண வகையைப் போட்டால் கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கே சுற்றும் என்பதால், வண்டியின் கையேட்டில் கண்டுள்ள வகையையே வாங்குங்கள்.

சூடான தண்ணீர் வந்தும் ஓடாதபோது

முதலில் கூலன்ட்டின் அளவைப் பாருங்கள். ஹீட்டர் கோர் பெரும்பாலும் உயரமான இடத்தில் இருப்பதால், அளவு சற்றுக் குறைந்தாலும் முதலில் வறண்டு போவது அதுதான். அளவு சரியாக இருந்தும் சூடு வராமல், டேஷ்போர்டுக்குப் பின்னால் தண்ணீர் சலசலக்கும் ஓசை கேட்டால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. எஞ்சின் குளிர்ந்த நிலையில் வண்டியின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி நிறுத்தி, ஹீட்டர் வால்வை முழுவதும் திறந்து வைத்து, மேலே உள்ள ஹோஸின் கிளிப்பைத் தளர்த்தி, குமிழ்கள் நின்று கூலன்ட் மட்டும் வரும்வரை ரேடியேட்டரில் மெதுவாக ஊற்றிக்கொண்டே இருங்கள். கோர் ரேடியேட்டரைவிட உயரமாக இருக்கும் வண்டிகளில் இது போதாது. திரும்பும் ஹோஸைக் கழற்றி, அதன் வாயில் ஒரு புனலை வைத்துக் கோரை நேரடியாக நிரப்பிய பிறகு மாட்ட வேண்டும்.

அடுத்தது வால்வு. இதில் முதலில் சந்தேகிக்க வேண்டியது கேபிளை. டேஷ்போர்டில் நெம்புகோலை இறுதிவரை தள்ளினாலும், கேபிளின் வெளியுறையைப் பிடிக்கும் கிளிப் நழுவியிருந்தால் வால்வு பாதிதான் திறக்கும். ஒருவர் நெம்புகோலை நகர்த்த, இன்னொருவர் எஞ்சின் அறையில் வால்வின் கை அதன் எல்லையை முட்டுகிறதா என்று பார்த்தால் போதும். கேபிளைக் கழற்றி வால்வைக் கையால் முழுவதும் திறந்ததும் சூடு வந்துவிட்டால், கிளிப்பை மாற்றுவதோடு வேலை முடிந்தது.

எம்ஜிபி, மோரிஸ் மைனர் போன்ற கார்களில் இந்த வால்வு சிலிண்டர் ஹெட்டின் பின்முனையில் இருக்கிறது. எஞ்சினில் தண்ணீர் மந்தமாக ஓடும் மூலை அது. துருவும் சேறும் மெல்ல அங்கே ஒதுங்கிப் படிகின்றன. வால்வைக் கழற்றினால் அதன் உட்புறத்தில் செம்பழுப்பு நிறத்தில் கெட்டியான துரு, மையத்தில் ஒரு பென்சில் முனைகூட நுழையாத துளையை மட்டும் விட்டு இறுகியிருப்பதைப் பார்க்கலாம். பலர் வால்வை மட்டும் புதிதாக மாற்றிவிட்டு, ஹெட்டில் உள்ள துளையைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். அந்தத் துளைக்குள் ஒரு வளைந்த கம்பியை விட்டுச் சுரண்டி, தண்ணீர் விட்டுக் கழுவி, தெளிந்த நீர் தடையில்லாமல் வெளியே பாயும்வரை சுத்தம் செய்த பிறகே புதிய கேஸ்கெட்டோடு வால்வைப் பொருத்த வேண்டும். எஞ்சின் பிளாக்கின் அடியிலுள்ள வடிகால் அடைப்பானையும் அப்போதே திறந்து பாருங்கள். திறந்தும் ஒரு சொட்டுக்கூட வரவில்லையென்றால் அங்கேயும் சேறு அடைத்திருக்கிறது. பிளாக்கைக் கழுவாமல் கோரை மட்டும் சுத்தம் செய்தால் அதே சேறு சில மாதங்களில் கோருக்கு வந்து சேரும்.

ஹோஸ்களைப் பொறுத்தவரை, வெளியே பார்க்க நன்றாக இருப்பதை நம்ப முடியாது. பழைய ரப்பரின் உட்சுவர் பிரிந்து உப்பி வழியை அடைத்துவிடும். கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வளைவில் மடிந்திருந்தாலும், அழுத்தினால் நொறுங்குவது போலிருந்தாலும் மாற்றிவிடுங்கள். திரும்பும் வழியில் இரும்புக் குழாய் இருந்தால் அதனுள்ளும் துரு இருக்கும். முந்தைய பழுதுபார்ப்பில் ஹோஸ்களைத் தவறான இடத்தில் மாட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள்: ஒன்று ஹெட்டிலிருந்து வர வேண்டும், மற்றது பம்ப் உறிஞ்சும் பக்கத்துக்குப் போக வேண்டும். இரண்டு முனைகளிலும் ஒரே அழுத்தம் இருந்தால் தண்ணீர் அசையாது.

கோரைக் கழுவும் முறை

எம்ஜிபியில் ஹீட்டர் பெட்டியைக் கழற்றுவது எவ்வளவு கடினம் என்பது அந்தக் காரை வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். எனவே கோரை அதன் இடத்திலேயே வைத்துக் கழுவிப் பார்த்துவிட்டு, அது பலிக்காவிட்டால் மட்டும் கழற்றுங்கள். எஞ்சின் பக்கத்தில் இரண்டு ஹோஸ்களையும் எடுத்துவிட்டு, கோரின் இரு வாய்களிலும் நீளமான ஹோஸ்களை மாட்டி வெளியே ஒரு வாளிக்குக் கொண்டுவாருங்கள். தோட்டக் குழாயின் தண்ணீரை, வழக்கமான ஓட்டத்துக்கு எதிர்த்திசையில், மிகக் குறைந்த அழுத்தத்தில் செலுத்துங்கள். பழைய கோர்கள் ஈயப்பற்றால் ஒட்டப்பட்டவை. சதுர அங்குலத்துக்கு 4 அல்லது 7 பவுண்டு அழுத்தத்தில் இயங்கும் வண்டிக்கென்று செய்யப்பட்ட கோரின் மீது குழாயை முழுவேகத்தில் திறந்துவிட்டால் மூட்டு பிரிந்துவிடும். முதலில் சிவந்த நீரும், பிறகு தகடு தகடாகத் துருவும் வரும். தெளிந்ததும் திசையை மாற்றுங்கள், மீண்டும் கலங்கும். இப்படி மாறி மாறி, இரு திசையிலும் தெளிவாக வரும்வரை செய்யுங்கள்.

சுத்தமான கோருக்கும் அடைபட்ட கோருக்கும் உள்ள வேறுபாட்டை வாளியே சொல்லிவிடும். முதலில் குழாயை நேராக வாளியில் விட்டு அது நிரம்பும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே அளவுக்குத் திறந்த குழாயைக் கோர் வழியாக விட்டு மீண்டும் பாருங்கள். நேரம் இரு மடங்குக்கு மேல் ஆனால் உள்ளே இன்னும் அடைப்பு இருக்கிறது. அப்போது ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் என்ற அளவில் கரைத்து, கோரை நிரப்பி ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, சமையல் சோடா கரைத்த நீரை ஒரு முறை செலுத்தி அமிலத்தின் மிச்சத்தை நீக்கி, மீண்டும் வெறும் தண்ணீரில் அலசுங்கள். இது செம்பு, பித்தளைக் கோர்களுக்கான முறை. அலுமினியக் கோராக இருந்தால் அதற்கென்று விற்கும் திரவத்தையே பயன்படுத்துங்கள். காஸ்டிக் சோடாவை எந்தக் காரணத்துக்காகவும் அதில் ஊற்றாதீர்கள், உலோகத்தையே அரித்துவிடும்.

கழுவியதும் கோர் ஒழுகத் தொடங்கினால், ஓட்டையை அதுவரை துருதான் அடைத்து வைத்திருந்திருக்கிறது. ரேடியேட்டரில் ஊற்றும் ஒழுக்கடைப்பான்களை நான் பரிந்துரைப்பதில்லை. அவை ஓட்டையை அடைப்பதோடு, கோரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைத்துவிடும். ரேடியேட்டர் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துப் பற்றவைப்பதோ, புதிய கோரை வாங்குவதோதான் நிரந்தரமான வழி.

இவ்வளவுக்குப் பிறகும் ஓட்டம் போதவில்லையென்றால் வாட்டர் பம்பைப் பாருங்கள். அதன் இறக்கைகள் அரித்துத் தேய்ந்திருக்கலாம். பெல்ட் வழுக்கவும் கூடும்.

காற்றுப் பக்கம்

இரண்டு ஹோஸ்களும் நன்றாகச் சுட்டும் கால்களில் குளிர்காற்று படுகிறது என்றால், இந்தப் பகுதியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். பெரும்பாலானோர் அலட்சியம் செய்வதும் இதைத்தான். கோரைச் சுற்றியும், காற்றைத் திருப்பும் மடிப்புக் கதவுகளின் விளிம்பிலும் ஃபோம் ஒட்டப்பட்டிருக்கும். ஆண்டுகள் ஆக ஆக அது கறுத்து, தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டும் தூளாக உதிர்ந்துவிடும். அதன்பின் ஃபேன் தள்ளும் காற்று, தகடுகளுக்கு இடையே நுழைவதைவிட எளிதான வழியைப் பிடித்து, கோரின் ஓரத்தில் உள்ள இடைவெளி வழியாகக் குளிராகவே உள்ளே வந்துவிடும். கோர் எவ்வளவு சூடாக இருந்தும் பயன் இருக்காது. புதிய கோர் போட்டும் சூடு வரவில்லை என்று வருந்துபவர்களில் பலருடைய வண்டியில் குறை இந்தச் சில அங்குல ஃபோமில்தான் இருக்கிறது.

பெட்டியைத் திறக்கும் வாய்ப்புக் கிடைத்தால், பழைய ஃபோமை முழுவதும் சுரண்டி எடுத்து, தண்ணீரை உறிஞ்சாத வகை ஃபோமை வாங்கி, இடைவெளியைவிடச் சற்றுத் தடிமனாக, கோர் உட்காரும்போது அழுந்தும்படி ஒட்டுங்கள். மடிப்புக் கதவுகளைக் கையால் மூடி, விளிம்பு முழுவதும் பதிகிறதா என்று ஒரு தாள் துண்டை இடையில் வைத்து இழுத்துப் பாருங்கள். தாள் எளிதாக உருவி வந்தால் அங்கே காற்று கசியும். கோரின் தகடுகளுக்கு இடையே அடைந்திருக்கும் தூசியையும் மென்மையான தூரிகையால் எடுத்துவிடுங்கள். முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்று வாயிலில் சருகு குவிந்திருக்கிறதா என்றும், பெட்டியின் அடியில் உள்ள ரப்பர் வடிகுழாய் அடைத்தோ கழன்றோ இருக்கிறதா என்றும் பார்க்க இதுவே தருணம். கண்ணாடிக்குச் செல்லும் நெளிகுழாய்கள் கிழிந்திருந்தால் டேஷ்போர்டின் பின்புறம்தான் சூடாகும்.

ஃபேன் மோட்டாரைப் பொறுத்தவரை, வேகமான நிலையில் ஓடவிட்டு, பேட்டரியில் ஒரு முறையும் மோட்டாரின் இணைப்பில் ஒரு முறையும் வோல்ட் அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சுவிட்ச், ஒயர் இணைப்புகள், எர்த் ஆகியவற்றில் துரு இருக்கிறது. பெரும்பாலும் எர்த் ஒயர் பொருந்தும் இடத்தைச் சுரண்டிப் பளிச்சென்று ஆக்கினாலே ஃபேனின் சத்தம் மாறுவதைக் கேட்கலாம். வோல்ட் சரியாக இருந்தும் மெதுவாகச் சுற்றினால், கார்பன் பிரஷ்கள் தேய்ந்திருக்கும் அல்லது தண்டின் புஷ்களில் எண்ணெய் வறண்டிருக்கும்.

ஃபேன் சுற்றும் திசையையும் தவறாமல் பாருங்கள். பிரிட்டிஷ் கார்களில் பல 1960களின் நடுப்பகுதி வரை பாசிட்டிவ் எர்த் முறையில், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனையைக் காரின் உடலோடு இணைத்து, வந்தன. எம்ஜிபியும் 1967இல்தான் நெகட்டிவ் எர்த்துக்கு மாறியது. இப்படிப்பட்ட வண்டியைப் பின்னாளில் நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றும்போது, நிலைக்காந்தம் உள்ள மோட்டாராக இருந்தால் அது எதிர்த்திசையில் சுற்றத் தொடங்கும். அதன் இரு ஒயர்களையும் இடம் மாற்ற வேண்டும். காந்தத்துக்குப் பதிலாகச் சுருள் உள்ள மோட்டாருக்கு இந்தப் பிரச்சினை இல்லை. உருளை வடிவ ஃபேன் எதிர்த்திசையில் சுற்றினாலும் கொஞ்சம் காற்று வந்துகொண்டே இருக்கும் என்பதால்தான் இந்தக் குறை ஆண்டுக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் இருந்துவிடுகிறது.

கடைசியாக, காருக்குள் வரும் காற்று வெளியேற வழி வேண்டும். பல பழைய கார்களில் அதற்கென்று தனித் துவாரம் கிடையாது. எல்லாக் கண்ணாடிகளையும் இறுக மூடினால் ஹீட்டரின் காற்று உள்ளே நுழையவே தயங்கும். பின் ஜன்னலைச் சிறிதளவு திறந்துவைத்தால் காற்றோட்டம் கூடுவதை உடனே உணரலாம். அதே நேரத்தில் பெடல்களைச் சுற்றியும், ஒயர்கள் நுழையும் துளைகளிலும், கதவு ரப்பர்களிலும் குளிர்காற்று புகுந்தால், அதை அடைக்காமல் ஹீட்டரைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

மீண்டும் நிரப்பும்போது

அடர்நிலைக் கூலன்ட்டையும் கனிமம் நீக்கிய நீரையும் சரிபாதியாகக் கலந்தால் ஏறத்தாழ மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. ஈயப்பற்றும் பழைய கேஸ்கெட்டுகளும் உள்ள எஞ்சினுக்கு, கரிம அமில வகையைவிட, சிலிகேட் கலந்த பழைய நீல அல்லது பச்சை வகையே பாதுகாப்பானது. ரேடியேட்டர் மூடியின் அழுத்தம் கையேட்டில் சொன்னதைவிட அதிகமாக இருக்கக் கூடாது. அதிக அழுத்தம் முதலில் பதம் பார்ப்பது ஹீட்டர் கோரைத்தான். நிரப்பும்போது வால்வு திறந்தே இருக்கட்டும். எஞ்சினைச் சூடாக்கி, வண்டியைச் சிறிது தூரம் ஓட்டி, முழுவதும் ஆறிய பிறகு அளவைப் பார்த்துக் குறைந்ததை ஊற்றுங்கள். புதிய ஹோஸ்கள் சூட்டில் சற்று இளகி அமர்வதால், கிளிப்களை அப்போது இன்னொரு முறை இறுக்கிவிட்டு, அடுத்த சில நாட்களுக்குத் தரைவிரிப்பைத் தூக்கி ஈரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.